மைனர் லீக் பையன்கள் மேலே போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸின் ஃபிரிஸ்கோ, வட கரோலினாவின் டர்ஹம் போன்ற ஊர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் மைனர் லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. டிக்கெட் விலை கட்டுப்படியாகும், பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் உண்டு. போய் உட்கார்ந்ததும் சந்தேகங்கள் வரும்: இந்தப் பையன்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், இதில் எத்தனை பேர் தேறுவார்கள்? பல வருடமாக இந்த ஆட்டத்தை விடாமல் பார்த்து வருவதால் அந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மைனர் லீக்னா என்ன? மேல போக முடியாதவங்க ஆடுற இடமா?

மேலே போகத் தயாராகிறவர்கள் ஆடும் இடம். உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு அணிகள், ஆக மொத்தம் 120. அதற்கும் கீழே அரிசோனா, ஃபுளோரிடா, டொமினிக்கன் குடியரசு ஆகிய மூன்று இடங்களில் ரூக்கி லீகுகள் நடக்கின்றன. 2020 வரை கீழ் அணிகள் 160 வாக்கில் இருந்தன. 2021-ல் மேஜர் லீக் நிர்வாகம் அதைக் குறைத்தபோது சுமார் 40 ஊர்கள் தங்கள் இடத்தை இழந்தன. சின்ன ஊர்களுக்கு அது பெரிய இழப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்த ஏற்பாட்டை 1920-களில் உருவாக்கியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு போட்டி போட்டு வீரர்களை விலைக்கு வாங்க அவரிடம் காசு இல்லை. அதனால் சின்ன ஊர் அணிகளை வாங்கி, அங்கே பையன்களை வளர்த்து எடுத்தார். பிற்பாடு புரூக்ளின் அணிக்குப் போன அதே ரிக்கிதான் ஜாக்கி ராபின்சனை 1946-ல் மான்ட்ரியல் மைனர் லீக் அணியில் ஒரு வருடம் ஆட வைத்து, 1947-ல் மேலே கொண்டுவந்தார்.

எத்தனை படி இருக்கு? ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

கீழிருந்து சொன்னால்: ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ரூக்கி லீக் ஆட்டங்கள் பயிற்சி மைதானங்களில், கூட்டமே இல்லாமல் நடக்கும். சிங்கிள்-ஏ முதல் முழுப் பருவம்: ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை தினம் ஒரு ஆட்டம், திங்களன்று ஓய்வு. டிரிபிள்-ஏவில் ஒரு பருவத்துக்கு 150 ஆட்டங்கள்.

உண்மையான சல்லடை டபுள்-ஏதான். கீழ்ப் படிகளில் வேகப்பந்தை மட்டும் வைத்தே ஒரு பிட்சர் தப்பித்துவிடலாம். டபுள்-ஏ பேட்டர்கள் அதைக் காத்திருந்து அடிப்பார்கள். அதேபோல, வளைந்து வெளியே போகும் ஸ்லைடரைத் துரத்துகிற பேட்டரின் பலவீனம் இங்கே ஒரே வாரத்தில் எல்லா அணிகளுக்கும் தெரிந்துவிடும். டிரிபிள்-ஏவில் மேலே இருந்து இறங்கி வந்த 30 வயதுக்காரர்களும், அழைப்புக்குக் காத்திருக்கும் 22 வயதுக்காரர்களும் கலந்து இருப்பார்கள். திறமை மிகுந்த சிலர் அந்தப் படியை மிதிக்காமலே தாண்டிவிடுவதும் உண்டு. ஹுவான் சோட்டோ 2018-ஐ சிங்கிள்-ஏவில் தொடங்கி, ஹை-ஏ, டபுள்-ஏ என்று ஏறி, மே மாதமே மேஜர் லீகில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 19.

நம்ம ரஞ்சி டிராபி மாதிரின்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம், அந்த ஒப்பீடு தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். தமிழ்நாடு ரஞ்சி அணி கோப்பையை ஜெயிக்க ஆடுகிறது. மைனர் லீக் அணி, மேலே இருக்கும் தாய் அணிக்கு ஆள் தயார் செய்ய ஆடுகிறது. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது தாய் அணி. மைதானம், டிக்கெட், தின்பண்டக் கடை, பட்டாசு ராத்திரி எல்லாம் உள்ளூர் உரிமையாளர் பொறுப்பு. யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், யார் எத்தனை பந்து வீச வேண்டும் என்பதில் உள்ளூர் உரிமையாளருக்கு எந்தச் சொல்லும் கிடையாது.

அதனால்தான் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அணியின் சிறந்த பேட்டரைத் தூக்கி அடுத்த படிக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளூர் ரசிகருக்கு வயிற்றெரிச்சல். பையனுக்கோ வாழ்நாள் சந்தோஷம்.

அப்போ நல்லா வீசிட்டிருந்த பிட்சரை அஞ்சாவது இன்னிங்ஸ்ல எடுத்தது அதனாலயா?

ஆமாம். மேலே சொன்ன காரணம்தான், கூடவே முழங்கைக் கவலையும். இளம் பிட்சர் ஒரு நாளில் எத்தனை பந்து, ஒரு பருவத்தில் எத்தனை இன்னிங்ஸ் என்று தாய் அணி முன்கூட்டியே எல்லை வைத்திருக்கும். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் எல்லை வந்ததும் இறக்கிவிடுவார்கள். முழங்கைத் தசைநார் அறுந்தால் செய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சையை 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தார். அது பல பேருக்கு மறுவாழ்வு தந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் பிடிக்கும். வளர்கிற வயதில் அது பெரிய இடைவெளி.

பசங்க இதுக்குள்ள எப்படி வர்றாங்க?

இரண்டு வாசல்கள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கு டிராஃப்ட், அதாவது அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. வருடத்துக்கு ஒரு முறை, இப்போது ஜூலையில், 20 சுற்றுகள். 2019 வரை 40 சுற்றுகள் இருந்தன.

மற்ற நாட்டுப் பையன்களுக்கு நேரடி ஒப்பந்தம். பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசும் வெனிசுவேலாவும். 16 வயதிலேயே கையெழுத்துப் போடலாம். 30 அணிகளுக்கும் டொமினிக்கன் குடியரசில் அகாடமிகள் உண்டு. அங்கேயே தங்கி, ஆடி, ஆங்கிலமும் படித்து, 18 அல்லது 19 வயதில் அமெரிக்காவுக்கு வருவார்கள். இந்த வாசலில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. 16-ல் கையெழுத்து என்றாலும் வாய்மொழிப் பேச்சு 12, 13 வயதிலேயே முடிந்துவிடுகிறது. அதை நம்பிப் பள்ளியை விட்ட பிள்ளைகள் ஏராளம். கடைசி நேரத்தில் அணி மனம் மாறினால் அந்தப் பிள்ளையிடம் மிஞ்சுவது ஒரு பேட் மட்டுமே. படிப்பை உறுதி செய்யாமல் 13 வயதுக் குழந்தையோடு பேரம் பேசுவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

பெரிய போனஸ் வாங்கினவன் நிச்சயம் மேல போயிடுவான், இல்லையா?

வாய்ப்பு அதிகம், நிச்சயம் இல்லை. 1991 டிராஃப்டில் முதல் ஆளாக யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லருக்கு ஒப்பந்த போனஸாக 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போய்விட்டது. மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 2013-ல் முதல் ஆளாகப் போன மார்க் அப்பெல் 2018-ல் ஆட்டத்தையே விட்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2022 ஜூனில் 30 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்காக முதன்முறை மேலே ஆடினார். திரும்பி வந்தவர்களின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அது.

மறுபக்கம் பாருங்கள். ஹோசே அல்டுவே உயரம் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர். 2007-ல் 15,000 டாலருக்கு ஒப்பந்தம் ஆனார், 2017-ல் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-ல் 13-வது சுற்றில் போனவர். மைக் பியாட்சா 1988-ல் 62-வது சுற்று. இன்றைய 20 சுற்று டிராஃப்டில் அவர் பெயரை யாருமே வாசித்திருக்க மாட்டார்கள். 2016-ல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

போனஸ் வாங்கித் தருவது பொறுமையை. பெரிய பணம் போட்ட பையன் இரண்டு வருடம் சொதப்பினாலும் அணி காத்திருக்கும். 15,000 டாலர் பையனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

காலேஜ்ல ஸ்டாரா இருந்த பையனுக்கு எதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷ மைனர் லீக்?

முதலில் பேட். பள்ளியிலும் கல்லூரியிலும் உலோக பேட். தொழில்முறை ஆட்டத்தில் மரம். உலோகத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டாலும் பந்து ஓடும், மரத்தில் பேட்தான் உடையும். அப்புறம் அட்டவணை. கல்லூரியின் வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள், முக்கியமானவை வார இறுதியில். இங்கே வாரத்தில் ஆறு நாள். நேற்று நான்கு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவன் இன்று மாலை மறுபடி களத்தில் நிற்க வேண்டும். நேற்றைய தோல்வியை உதறிவிட்டு வருவதும் பயிற்சியால் வருகிற திறமைதான். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பால் ஸ்கீன்ஸ் மாதிரி விதிவிலக்குகள் உண்டு. 2023-ல் முதல் ஆளாகத் தேர்வாகி, 92 லட்சம் டாலர் போனஸ் வாங்கி, 2024 மே மாதமே மேலே வந்து, அந்த வருடம் மற்றொரு பிரிவான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். அவரை அளவுகோலாக வைத்து மற்ற பையன்களை எடைபோடாதீர்கள்.

பயிற்சின்னு அப்படி என்னதான் பண்றாங்க?

ரசிகர்கள் பார்க்கும் மூன்று மணி நேர ஆட்டம் அன்றைய வேலையின் கடைசிப் பகுதி. மதியமே வந்து எடைப் பயிற்சி, பேட்டிங் கூண்டு, ஃபீல்டிங், வீடியோ என்று போகும். இப்போது மைதானங்களில் கேமராக்களும் ரேடார்களும் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, வளைவு, பேட்டில் பட்டுக் கிளம்பும் வேகம் எல்லாவற்றையும் பதிவு செய்கின்றன. பந்து விரலை விட்டுக் கிளம்பும் கணத்தை அதிவேகக் கேமராவில் பார்த்துப் பிடியை மாற்றுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு புதுப் பந்தைக் கற்றுக்கொள்ள ஒரு பருவமே போகும். இப்போது ஒரு குளிர்காலத்தில் ஸ்லைடரைக் கற்றுக்கொண்டு வரும் பையன்கள் இருக்கிறார்கள்.

இடத்தை மாற்றுவதும் பயிற்சிதான். இதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு, ஏனென்றால் நல்ல பயிற்சியாளரின் கண் இங்கே தெரியும். ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். 2010-ல் ஒன்பதாவது சுற்றில் பிட்சராக எடுக்கப்பட்டு, அதே வருடம் டாமி ஜான் அறுவை சிகிச்சையும் ஆகி, 2014-ல்தான் மேலே வந்தார். 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. கென்லி ஜான்சன் கேட்சர். பேட்டிங் வரவில்லை, கை மட்டும் பீரங்கி. 2009-ல் அவரைப் பிட்சராக்கினார்கள், 2010-ல் மேஜர் லீகில் வீசினார். மூக்கி பெட்ஸ் இரண்டாம் பேஸ்காரராக வளர்ந்து, அந்த இடம் மேலே காலியாக இல்லாததால் அவுட்ஃபீல்டுக்குப் போனவர்.

ஸ்கோர்போர்டுல இருக்கிற நம்பரைப் பார்த்து ஆள் தேறுவானான்னு சொல்ல முடியுமா?

முதலில் வயதைப் பாருங்கள். டபுள்-ஏவில் பெரும்பாலோர் 22 முதல் 25 வயது வரை. அங்கே 20 வயதுப் பையன் 0.250 (நான்கு முறையில் ஒரு ஹிட்) அடிப்பது, 26 வயதுக்காரர் 0.300 அடிப்பதைவிடப் பெரிய விஷயம். அடுத்து, பேட்டர் எவ்வளவு ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார், எத்தனை முறை நடந்து முதல் பேஸுக்குப் போகிறார் என்று பாருங்கள். பந்தைக் கண்டுபிடிக்கும் கண் மேலே போனாலும் கூடவே வரும். மூன்றாவது, மைதானம். ஆல்பகர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே சாதாரண அடிகூட வேலியைத் தாண்டும்.

திறமை தேடுபவர்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. ஆகவே "அவனுக்கு 50-தான்" என்று கேட்டால் வருத்தப்படாதீர்கள், உலகின் உச்ச லீகில் சராசரியாக நிற்பான் என்று பொருள்.

சம்பளம் உண்மையிலேயே அவ்வளவு கம்மியா?

இருந்தது, வெட்கப்படும் அளவுக்கு. சிங்கிள்-ஏ பையனுக்கு வருடத்துக்குச் சுமார் 11,000 டாலர். ஒரே வீட்டில் ஆறு ஏழு பேர், தரையில் காற்று மெத்தை போட்டுத் தூங்கியவர்கள் உண்டு. ஊதிய வழக்கு ஒன்று 2022-ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே வருடம் முதல் தங்குமிடம் அணியின் பொறுப்பானது. அந்த செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள், மேஜர் லீக் வீரர்களின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் வந்த முதல் ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏவுக்கு 35,800, டபுள்-ஏவுக்கு 30,250, ஹை-ஏவுக்கு 27,300, சிங்கிள்-ஏவுக்கு 26,200 டாலர் குறைந்தபட்சம். அதே வருடம் மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர்.

ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்குகிற பையன்தான் வளருவான். சங்கம் வந்ததை இளம் வீரர்களின் வளர்ச்சியில் எந்தக் கேமராவையும்விடப் பெரிய முன்னேற்றமாக நான் பார்க்கிறேன்.

மேல போய்ட்டு திரும்பக் கீழ வந்துட்டா கதை முடிஞ்சதா?

இல்லவே இல்லை. மிக்கி மேன்டில் 1951-ல் முதல் பருவத்திலேயே கான்சஸ் சிட்டிக்கு இறக்கப்பட்டவர். ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டின் முதல் ஆள். 2024 ஏப்ரலில் 20 வயதில் பால்டிமோருக்கு வந்து, 34 முறையில் 2 ஹிட் மட்டும் அடித்து, இரண்டே வாரத்தில் டிரிபிள்-ஏவுக்குத் திரும்பினார். ஜூலை 31 அன்று மறுபடி வந்த அன்றே, மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன், அதாவது கிராண்ட் ஸ்லாம் அடித்தார்.

இவர்களைவிட ராய் ஹாலடே கதையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். 2000-ல் டொரான்டோவுக்காக வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ரன் கொடுத்தார். மறு வருடம் அவரை டிரிபிள்-ஏவுக்குக்கூட அனுப்பவில்லை, நேரே ஹை-ஏ படிக்கு இறக்கினார்கள். அங்கே தலைக்கு மேலிருந்து வீசிய கையைத் தாழ்த்தி, பந்து நேராக வராமல் அசைந்து வரும்படி வீச்சையே புதிதாகக் கட்டினார். அதே கோடையில் மேலே திரும்பினார். 2003-லும் 2010-லும் சை யங் விருது, 2010-ல் எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத ஒரு பெர்ஃபெக்ட் கேம், 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

விதிப்படி, 40 பேர் பட்டியலில் இருக்கும் ஒருவரை மூன்று பருவங்கள் வரை மேலும் கீழும் அனுப்பலாம். 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் கீழே இறக்க முடியாது.

அந்த 40 பேர் பட்டியல்னா என்ன? ரூல் 5-னு வேற சொல்றாங்களே?

மேஜர் லீகில் ஒரு நாளில் ஆடத் தயாராக இருப்பவர்கள் 26 பேர். அவர்களையும் சேர்த்து 40 பேரை அணி பாதுகாத்து வைக்கலாம். மற்ற எல்லோரும் கீழே. திறமையான பையனை ஒரு பணக்கார அணி காலம் முழுக்கக் கீழே பூட்டி வைக்கக் கூடாது அல்லவா? அதற்குத்தான் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 தேர்வு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து பருவத்துக்குள், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவர் நான்கு பருவத்துக்குள் 40 பேர் பட்டியலில் ஏறாவிட்டால், வேறு அணி 1,00,000 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரை அடுத்த பருவம் முழுக்க மேஜர் லீகில் வைத்திருக்க வேண்டும். 1954-ல் புரூக்ளின் அணி மான்ட்ரியலில் வைத்திருந்த ரொபெர்ட்டோ கிளெமென்டேயை பிட்ஸ்பர்க் இப்படித்தான் எடுத்தது.

ரெடியா இருக்கிற பையனை ஏன் ஏப்ரல்ல கீழயே வச்சிருக்காங்க?

காரணம் நாட்கணக்கு. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு வருடச் சேவை. ஆறு வருடம் சேர்ந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். 2015-ல் கிறிஸ் பிரையன்டை சிகாகோ கப்ஸ் ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. பருவ முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவால் அணிக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. அவர் முறையிட்டார், 2020-ல் தோற்றார்.

2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் வந்தால் நாட்கணக்கு குறைந்தாலும் முழு வருடம் உண்டு. தகுதியான பையனைத் தொடக்கத்திலிருந்தே ஆட வைக்கும் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கலாம்; ஹூலியோ ரோட்ரிகஸ் மூலம் சியாட்டில் அப்படி ஒன்று பெற்றது. ஆனாலும் "இன்னும் ஃபீல்டிங் தேற வேண்டும்" என்று அணி ஏப்ரலில் சொல்லி, மே மாதம் திடீரென்று தேறிவிட்டது என்றால், அதை நான் இன்றும் நம்புவதில்லை.

மைக்கேல் ஜோர்டன் மாதிரி ஆளாலயே முடியலையே, அவ்வளவு கஷ்டமா?

1994-ல் 31 வயதில் பர்மிங்ஹம் டபுள்-ஏ அணிக்கு ஆடி 0.202 அடித்தார். 3 ஹோம் ரன், 30 திருட்டு பேஸ். அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்காலத்துக்குப் பிறகு தீவிரமாக ஆடாத ஒருவர், மேலே சொன்ன அந்தச் சல்லடைப் படியில் இறங்கி ஐந்தில் ஒரு ஹிட் அடித்தது பிரமாதம். எத்தனை ஆயிரம் பந்துகளைப் பார்த்துப் பழகினால் கண் தேறும் என்பதை அது காட்டுகிறது.

இந்தியாவிலேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?

உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிபவர்கள். 2008-ல் இந்தியாவில் நடந்த ஒரு பந்தெறிதல் போட்டி மூலம் வந்து, அதே நவம்பரில் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தமானார்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார். பிறகு காயங்கள் விடவில்லை.

ஃபிரிஸ்கோ ரசிகர்களுக்கு இன்னொரு பெயர் தெரிந்திருக்கும்: குமார் ராக்கர். அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2021-ல் நியூயார்க் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடவில்லை. மறு வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் டாமி ஜான். 2024-ல் ஃபிரிஸ்கோவில் வீசி, அந்த செப்டம்பரில் மேஜர் லீகுக்குப் போனார்.

என் பையனுக்குப் பதினேழு வயசு. டிராஃப்ட்ல எடுத்தா போகட்டுமா, இல்ல காலேஜ் முடிக்கட்டுமா?

விதியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை மறுபடி டிராஃப்டுக்கு வர முடியாது. இரண்டு வருட ஜூனியர் கல்லூரி என்றால் ஒவ்வொரு வருடமும் வரலாம். ஒப்பந்தம் போட்டுவிட்டால் கல்லூரி அணியில் பேஸ்பால் ஆடும் உரிமை போய்விடும். படிப்பு போகாது: பின்னாளில் கல்லூரிக் கட்டணத்தை அணியே கட்டும் ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். ஆட்டத்தை விட்ட பிறகு இரண்டு வருடத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், போனஸ் பெரிதாக இல்லாதபோது கல்லூரிதான். போனஸ் பொறுமையை வாங்கித் தரும் என்று மேலே சொன்னேன். சிறிய தொகைக்குப் போகிற 18 வயதுப் பையனுக்கு அந்தப் பொறுமை கிடைக்காது, கையில் பட்டமும் இருக்காது. 21-ல் போனால் உடம்பும் தேறியிருக்கும், படிப்பிலும் முக்கால்வாசி முடிந்திருக்கும். வாழ்நாள் செலவைத் தாங்கும் தொகை வந்தால் பையனையே கேளுங்கள்: தினம் பேருந்தில் போய், யாரும் பெயர் அறியாத ஊரில், தோற்ற மறுநாளும் ஆட அவனுக்கு ஆசை இருக்கிறதா? உங்கள் ஆசையை அதில் கலக்காதீர்கள்.

கடைசி வரைக்கும் மேல போகாதவங்க என்ன ஆவாங்க?

பெரும்பாலோர் கதை அதுதான். மேனேஜர் அறைக்கு அழைப்பார், ஐந்து நிமிடப் பேச்சு, பையைக் கட்ட வேண்டியதுதான். அணி விடுவிக்காவிட்டாலும் ஆறு அல்லது ஏழு பருவத்துக்குப் பிறகு வீரர் தானாகவே வேறு அணிக்குப் போகலாம். சிலர் மெக்சிகோ, ஜப்பான், கொரியா, தைவான் லீகுகளுக்குப் போய் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். சிலர் மேஜர் லீகோடு இணைப்பில்லாத சுதந்திர லீகுகளில் இன்னொரு வாய்ப்புத் தேடுகிறார்கள். குமார் ராக்கரே 2022 டிராஃப்டுக்கு முன் அங்கே வீசியவர்தான். இன்னும் பலர் பயிற்சியாளராகவோ திறமை தேடுபவராகவோ அதே மைதானங்களுக்குத் திரும்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது முதல் பேஸ் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரின் பெயரைத் தேடிப் பாருங்கள். டபுள்-ஏவிலோ டிரிபிள்-ஏவிலோ ஆட்டம் முடிந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.